ஒரு பதில் வந்தா வாங்கிக்கலாம்

கத்தாதீங்க சார், கத்தாதீங்க, எனக்குப் போனது குரல்தான், காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. "அண்ணே, இது எம்பத்தஞ்சாம் வருச ஹாம் ரேடியோ செட்டு அண்ணே, ஜப்பான் சரக்கு அண்ணே, உள்ள ரெண்டு வால்வும் புதுசு அண்ணே"ன்னு இந்தத் தனசீலன் போடுற சத்தத்துல, எதிர்வீட்டு மாடியில துணி காயப்போடுற பொம்பளை கிளிப்பைக் கையில வச்சிக்கிட்டு எங்களையே பாக்குது. நல்ல மனுசன்தான், பேங்க்ல வேலை பாக்குறவரு, தெருமுனை வரைக்கும் வந்து எங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாரு, ஆனா என் கழுத்துல கட்டியிருக்கிற துணியைப் பாத்த நிமிசத்துல இருந்து மனுசனுக்குத் தொண்டை எகிறிருச்சு. எல்லாரும் இப்படித்தான். ரேசன் கடையில, பஸ்ல, எங்க அக்கா மருமகன் முதக்கொண்டு. வாய் போனா காதும் கூடவே போயிரும்னு எந்த ஊரு வைத்தியன் சொல்லிக்குடுத்தானோ. சில பேரு இன்னும் ஒரு படி மேல போயி, விரலைக் குவிச்சு வாய்கிட்டக் கொண்டுபோயி, சாப்ட்டாச்சான்னு அபிநயம் புடிப்பாங்க. ஏன்டா டேய், நான் என்ன பாஷை தெரியாத ஊருக்கா வந்துருக்கேன். போடியில ஏலக்காய் ஏலத்துல மைக்கு இல்லாம மூட்டை நம்பரையும் விலையையும் கூப்பிட்ட தாமோதரன்டா நான். நான் கூப்பிட ஆரம்பிச்சா கடைசி வரிசையில தூங்குற யாவாரி எந்திரிச்சு உக்காருவான். சிலேட்டை எடுத்தேன், புள்ளைங்க எழுதி எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட்டு, 'மெதுவாப் பேசுங்க, காது கேக்கும்'னு எழுதிக் காட்டினேன். தனசீலன் குனிஞ்சு படிச்சாரு, படிச்சிட்டு "சரிண்ணே!"ன்னு அதைவிடச் சத்தமாக் கத்துனாரு. ஜெயக்கொடி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. சிரிக்கிறா, எனக்குத் தெரியாதா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னையக் கேலி பண்றதுக்குன்னே பொறந்தவ மாதிரிதான் இருக்கா.

வெலையெல்லாம் போன்லயே அவ பேசி முடிச்சிட்டா, அதுல ஒண்ணும் வம்பில்ல. வம்பு நான் போட்ட கண்டிசன்ல. வர்ற வழியில, பஸ்ல, உசிலம்பட்டி தாண்டுனதும் சிலேட்டுல எழுதி அவகிட்ட நீட்டினேன்: ஒரு பதில் வந்தா வாங்கிக்கலாம், வரலேன்னா வீட்டுக்குப் போயி தந்தி அடிக்கிற கீயைப் பரண்ல போட்டுருவேன், அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. ஒரே ஒரு பதில். எவனாவது ஒருத்தன், எந்த ஊர்லயாவது இருந்து, என்னைத் திருப்பிக் கூப்பிட்டாப் போதும். அவ படிச்சா, சிலேட்டை அழிச்சுத் திருப்பிக் குடுத்தா. அழிக்கிறப்ப அந்தப் பிளாஸ்டிக்கு சர்ருன்னு ஒரு சத்தம் போடும் பாருங்க, இந்த மூணு வருசமா எங்க வீட்டுல ஒவ்வொரு பேச்சும் அந்தச் சத்தத்துலதான் முடியுது. எழுதுறது, நீட்டுறது, அவுங்க கண்ணாடியைத் தேடுறது, படிக்கிறது, சர்ரு. அதுக்குள்ள பேச வந்த விசயம் ஆறி அவலாப் போயிரும். போன வாரம் பக்கத்து வீட்டு ஞானசேகர் ஒரு அரசியல் கதை சொன்னான், அதுக்கு எனக்கு ஒரு பதில் வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு பதில், பழைய தாமோதரனா இருந்தா தெருவே சிரிச்சிருக்கும், நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள அவன் பைக்கைக் கிளப்பிட்டுப் போயிட்டான். சிலேட்டைக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நின்னேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறல எனக்கு.

செட்டு மேசை மேல சாம்பக் கலர்ல உக்காந்திருக்கு, நல்ல கனம், முன்னாடி பெரிய திருகு, அதுக்கு மேல முள்ளு ஆடுற மீட்டரு. வால்வு சூடேறட்டும்னு தனசீலன் சுவிட்சைப் போட்டுட்டு நிக்கிறாரு. பழைய செட்டு சூடேறுறப்ப ஒரு வாசனை வரும், தூசியும் எண்ணெயும் சேந்து வெந்த மாதிரி, எனக்கு அது அவ்வளவு புடிக்கும், இப்ப வருதா வரலையான்னு எனக்குத் தெரியல. மூச்சு கழுத்து ஓட்டை வழியாப் போயிட்டு வருது, மூக்கு சும்மா மூஞ்சியில ஒட்டிக்கிட்டு இருக்கு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லல. தொண்டையில புத்து, ஆபரேசன் பண்ணாப் பேச்சு போகும்னாங்க, சரின்னு கையெழுத்துப் போட்டேன். கொழம்பு வாசனையும் போகும்னு சொல்லியிருந்தா ஒரு நாள் யோசிச்சிருப்பேன். ஏலக் கூடத்துல ஏலக்காயைக் கையில அள்ளுனா அந்த மணம் மறுநாள் குளிக்கிற வரைக்கும் விரல்ல நிக்கும், அதுவும் போச்சு. "என்னங்க, எதோ தூசி வேகுற வாடை வருது, கருகுதோ?"ன்னு ஜெயக்கொடி மூக்கைச் சுளிச்சா. அப்பாடா. வருது. "அது அப்படித்தாம்மா வரும், நல்ல வாடைதான்!"ன்னு தனசீலன் எனக்குக் கேக்கிற மாதிரி அவளைப் பாத்துக் கத்துனாரு. இவரு ஏன் விக்கிறாருன்னா, அடுக்குமாடி வீட்டுக்குக் குடி போறாரு, அங்க மொட்டை மாடியில ஒரு ஏரியல் கம்பி கட்டக்கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டாங்களாம். கம்பி இல்லாம இந்தச் செட்டு வெறும் இரும்புப் பொட்டி. எங்க ஊரு யாவாரிங்களுக்கு நான் அப்பச் சொல்லுவேன், வீட்டு மாடியில ஒரு கம்பியைக் கட்டி, கீழ ஒரு செட்டை வச்சு, கவர்மெண்டு லைசென்ஸை வாங்கிட்டா, போடியில உக்காந்து பூட்டான்காரன்கிட்ட ஊர்க் கதை பேசலாம்யா, போன் பில்லே வராதுன்னு. எதுக்குண்ணே பூட்டான்காரன்கிட்டப் பேசணும்னு கேப்பானுங்க. நல்ல கேள்விதான்.

சத்தம் வந்துருச்சு. முதல்ல இரைச்சல், வாணலியில கடுகு பொரியிற மாதிரி, பெறகு தனசீலன் திருகைத் திருப்பத் திருப்ப ஆளுங்க. காலைப் பொழுது, இந்நேரத்துக்கு நம்ம தென்னாட்டுக்காரங்க கூடுவாங்க, ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட மத்தவங்க வரிசையா வந்து வணக்கம் சொல்லிட்டுப் போவாங்க. மலையாளம் கலந்து ஒரு குரலு, அட, குமுளி மாத்யூஸ், அதே இருமல், அதே "ஓ.எம்., ஓ.எம்." எங்க கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடுவோம், பெரியவரேங்கிற மாதிரி, இருபது வயசுக்காரனும் ஓ.எம்.தான். பழைய சினேகிதன் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுறான், கண்ணாடியைத் தட்டக்கூட எனக்கு ஒரு விரல் இல்ல. ஆபரேசனுக்கு முன்னாடி என் செட்டைக் கல்லூரிப் பசங்க கிளப்புக்குக் குடுத்துட்டேன், இனிமே இது எதுக்குன்னு. மாத்யூஸ் வீட்டுக்கு வந்தான், பழம் வாங்கிட்டு வந்தான், உக்காந்தான், அவனும் கத்துனான். போகும்போது தோளைத் தட்டி "எல்லாம் சரியாகும்"னான், எது சரியாகும், முளைச்சா வரும். அதுல இருந்து அவன் வரல. நானும் கூப்பிடல, எப்படிக் கூப்பிட. ஆஸ்பத்திரியில ஒரு மெசின் குடுத்தாங்க, கழுத்துல அமுக்கிட்டு வாயை அசைச்சா ரோபோ மாதிரி கர்ருன்னு பேச்சு வரும். வச்சுப் பேசுற எத்தனையோ பேரு இருக்காங்க, தைரியசாலிங்க. நான் ஒரு நாள் பஸ்ல டிக்கெட் கேட்டேன், முன்சீட்டுல இருந்த கைக்கொழந்தை என்னையத் திரும்பிப் பாத்து அழ ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல, கூமாப்பட்டியோ எதோ ஒரு ஊரு வரைக்கும் அழுதது. மெசின் அன்னைக்கு பீரோவுக்குள்ள போனதுதான். வாட்ஸ்அப் இருக்கேம்பாங்க. நான் ஒரு பக்கத்துக்கு எழுதுறேன், எதிர்ல இருக்கிறவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படம் ஒண்ணு அனுப்புறான். இது பேச்சாய்யா? பேச்சுன்னா இவன் சொல்றப்பவே அவன் மூச்சை இழுக்கிறது தெரியணும், அவன் முடிக்கிறதுக்காக இவன் துடிச்சிக்கிட்டு இருக்கணும்.

இதுக்கெல்லாம் முன்னாடியே மோர்ஸ் ஞாபகம் வந்திருந்துச்சு, அந்தப் புள்ளி கோட்டுத் தந்தி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, மூக்குல குழாய், கழுத்துல கட்டு, எவர்சில்வர் டம்ளரை மோதிரத்தால தட்டிக்கிட்டு இருந்தேன், சும்மா, நர்சைக் கூப்பிட. தட்டத் தட்ட அது தானா டா-டி-டா-டி, டா-டா-டி-டான்னு வந்துச்சு. யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா. வானத்துல எல்லாரையும் பொதுவாக் கூப்பிடுற கூப்பாடு அது. லைசென்ஸ் பரீட்சைக்குன்னு எப்பவோ படிச்சது, பாஸ் பண்ணதோட சரி, மைக்கு இருக்கிறவன் எதுக்குத் தந்தி அடிக்கப் போறான், வாய் கிழியப் பேசுற தாமோதரனுக்கு எதுக்குப் புள்ளியும் கோடும். விரலு மட்டும் மறக்கல போல. அன்னைக்கு ஆரம்பிச்சது, சோத்துத் தட்டுல, பஸ் கம்பியில, ஜெயக்கொடி முதுகுல, கடை போர்டு எதைப் பாத்தாலும் உள்ளுக்குள்ள தட்டிக்கிட்டே போவேன், முருகன் இட்லிக் கடையும் டிட் டாதான், பாய் பிரியாணியும் டிட் டாதான். "கரண்டியை வைக்கிறீகளா இல்ல நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போகவா"ன்னு அவ ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டா. பித்தளையில ஒரு கீ வாங்குனேன், அமுக்கித் தட்டுற கட்டை, அதைத்தான் இப்பத் துண்டுல சுத்திக் கொண்டுவந்திருக்கேன். ஆனா ஒரு பயம் இருக்கு. தனியா உக்காந்து தட்டுனது அத்தனையும். எதிர்ல ஒருத்தரும் இல்லாம. சரியா அடிக்கிறேனா, எழுத்து எழுத்தாப் பிரியுதா, இல்ல வயசான கையி, கொழகொழன்னு போயி எதிர்ல கேக்கிறவனுக்குக் கொட்டாவி வருமா? மெதுவாப் போனா நின்னு கேக்க இந்தக் காலத்துல யாரு இருக்கா. ஞானசேகர் பைக்கைக் கிளப்பின மாதிரி அவனும் திருகைத் திருகிட்டுப் போயிருவான். அங்கயும் நான் சிலேட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கணும். அதுக்குப் பரணே மேல்.

"அண்ணே, ட்யூன் பண்ணிருவோம் அண்ணே!" தனசீலன் மேசை ஓரத்துல இருந்த சின்ன டப்பாவுல எதையோ சொடக்குன்னு திருப்புனாரு, பெரிய திருகு ரெண்டையும் மாத்தி மாத்தித் திருப்பி மீட்டர் முள்ளை எழுப்புனாரு, நல்லா எழும்புச்சு, முள்ளு சீறிக்கிட்டு ஏறுச்சு. அதே கையோட இன்னொரு பித்தானையும் அமுக்குனாரு. "இது மோர்ஸுக்குன்னே போட்ட ஃபில்டர் அண்ணே, தனியா வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது, இதைப் போட்டா இரைச்சலே இருக்காது, பாருங்க!" நெசமாவே அடங்கிருச்சு. கடுகு பொரியிற சத்தம், மாத்யூஸ், கொர்ரு கொர்ருன்னு ஓடுனது எல்லாம் போயி, கிணத்துக்குள்ள காதை வச்ச மாதிரி ஆயிருச்சு. ஆகா, என்னா ஃபில்டருய்யா. நான் பேச்சுக்காரன், ஃபில்டரைக் கண்டேனா. கீயை மாட்டுனேன். விரலு மூணும் குமிழ் மேல. ஜெயக்கொடி பின்னாடி கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கா, அவ மூச்சு விடுறது எனக்குக் கேக்குது, பாத்தீங்களா சார், கேக்குது. அடிச்சேன். யாராவது இருக்கீங்களா. யாராவது இருக்கீங்களா. இது நான், லைசென்ஸோட எனக்குக் குடுத்த அழைப்புக்குறி இது. யாராவது இருக்கீங்களா. விரலை எடுத்தேன்.

ஒண்ணுமில்ல. சரி, திருகைக் கொஞ்சம் நகத்துவோம். மறுபடி அடிச்சேன், அழுத்தமா, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு. ஒண்ணுமில்ல. கூடத்துல நான் மூட்டை நம்பர் கூப்பிட்டு ஒருத்தரும் வாயைத் தொறக்காம உக்காந்திருப்பாங்க சில நாள், அப்ப அந்தச் சரக்குக்காரன் மூஞ்சியைப் பாக்கணுமே, மலையில இருந்து மழையில நனைஞ்சு கொண்டுவந்திருப்பான், காயில பச்சை நிறம் போயிருச்சுன்னு எவனும் கேக்க மாட்டான், நானும் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு அடுத்த நம்பருக்குப் போயிருவேன், போயித்தானே ஆகணும். இன்னைக்கு மூட்டை நான். திரும்ப அடிச்சேன். கேட்டேன். திரும்ப அடிச்சேன். ஒரு வேளை எழுத்து தப்பா? டா-டா-டி-டா, சரிதானே? சரிதான். இல்ல அவுங்கெல்லாம் கேட்டுட்டாங்க, கேட்டுட்டு, எவனோ புதுசா வந்து திக்குறான், நமக்கெதுக்கு வம்புன்னு போறாங்க. போகட்டும். மூச்சு வேகமாச்சு, கழுத்துத் துணி உள்ள போயி வெளிய வருது, ஓட்டைக்குள்ள காத்து உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் போடுது, அந்தச் சத்தம் தனசீலனுக்குக் கேக்கும், கேட்டா பாவப்படுவாரு. பட்டுட்டாரு. "அண்ணே, இன்னைக்கு வானம் சரியில்ல போலண்ணே, சில நாள் இப்படித்தான்!" வானம் நல்லாத்தான் இருக்கு, இப்பத்தானே மாத்யூஸ் இருமினான். வானத்தை ஏன்யா இழுக்குறீங்க. இந்த மாதிரித்தான் ஆஸ்பத்திரியிலயும் ஒரு டாக்டரு பேப்பரைப் பாத்துக்கிட்டே எதையோ சுத்திச் சுத்திச் சொன்னாரு, அடுத்த மாசம் வேற போகணும், கழுத்தைத் தடவிப் பாப்பாங்க, ஒவ்வொரு தடவையும் அந்த விரலு ஓரிடத்துல நின்னுச்சுன்னா எனக்கு உசிரு அங்க வந்து நிக்கும். நின்னு, பெறகு நகரும். இங்க நகரவே மாட்டேங்குது. விரலு வலிக்க ஆரம்பிச்சிருச்சு. இதோட கடைசி. இல்ல, இதோட. யாராவது இருக்கீங்களா. எத்தனை தடவைடா இதையே கேப்ப தாமோதரா, வெக்கமா இல்ல? "போதுங்க"ன்னா ஜெயக்கொடி, மெதுவா. "இன்னொரு நாள் பாத்துக்கலாம்." இன்னொரு நாள் கெடையாதுன்னு அவளுக்கும் தெரியும். நான் கீயைக் கழட்டல. துண்டை மட்டும் எடுத்து மடியில வச்சேன். அழுகை வந்துச்சு எனக்கு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, இந்த வயசுல, ஊர் பேர் தெரியாத ஒருத்தன் பதில் சொல்லலேன்னு அழுகை வந்துச்சு.

ஜெயக்கொடி எந்திரிச்சா. தனசீலன் வீட்டம்மா கொண்டாந்து வச்ச காப்பி டம்ளரை ஓரமா வைக்க இடம் தேடி, சன்னல் திண்டுல, அங்க ஒரு சின்னப் பெயிண்ட் டின்னு மூடி போட்டு இருந்துச்சு, அதை நகத்தப் போயி, "ஆத்தாடி!"ன்னு கையை உதறினா. "இது என்னங்க, இந்த டின்னு இப்படிச் சுடுது? வெயிலு கூட இன்னும் இந்தப் பக்கம் வரல." தனசீலன் திரும்புனாரு. டின்னைப் பாத்தாரு. டின்னுல இருந்து வர்ற கறுப்பு வயரைப் பாத்தாரு. அந்த வயரு மேசையில இருக்கிற சின்ன டப்பாவுக்குப் போகுது. எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்துல விளங்கிருச்சு. மனுசன் நெத்தியில பட்டுன்னு அடிச்சிக்கிட்டாரு. "ஐயோ அண்ணே! டம்மியிலயே விட்டுட்டேன் அண்ணே! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!" ஜெயக்கொடி முழிக்கிறா, பாவம். விசயம் இதுதான், செட்டை ட்யூன் பண்றப்ப விசிலடிச்ச மாதிரி ஒரு சத்தம் போகும், அது மத்தவங்க காதுல விழுந்து இம்சை பண்ணக்கூடாதுன்னு மரியாதைக்கு, மாடிக் கம்பியைத் துண்டிச்சிட்டு, எண்ணெய் ஊத்துன ஒரு டின்னுக்குள்ள திருப்பி விடுவோம். போறதெல்லாம் அந்த எண்ணெய்க்குள்ள போயி சூடாகி அடங்கிரும், ஒரு பொட்டு வெளிய போகாது. ட்யூன் முடிஞ்சதும் திருப்பி மாடிக்கு மாத்தணும். இவரு மாத்தல. ஃபில்டரு ஃபில்டருன்னு பெருமை அடிச்ச ஜோர்ல மறந்துட்டாரு. நானும் கூறுகெட்டவன், அவ்வளவு அமைதி ஃபில்டரால எப்படிடா வரும்னு யோசிச்சனா. மாடிக் கம்பியே இல்லாம வந்த அமைதியைப் போயி ஆகா ஓகோன்னு மெச்சிக்கிட்டு, இத்தனை நேரமும் ஒரு பெயிண்ட் டின்னைப் பாத்து யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களான்னு கதறியிருக்கேன். டின்னு என்ன பண்ணும், அதால முடிஞ்சது, சூடாச்சு. தனசீலன் என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு மன்னிச்சிருங்கண்ணேங்கிறாரு, நான் அவரு முதுகைத் தட்டுறேன், எனக்குக் கோவமே வரல, எவ்வளவு சந்தோசம்னு இவருகிட்ட எப்படிச் சொல்றது. ஒருத்தரும் என்னைக் கேட்டுட்டு ஒதுக்கல. ஒருத்தரும் கேக்கவே இல்லையே! அப்பாடா. அப்பாடா சாமி.

சொடக்குன்னு திருப்புனாரு. ஃபில்டரு அப்படியே இருந்தும்கூட இரைச்சலு வந்துச்சு, மெல்லிசா, ஆனா உசிரோட. அங்கங்க கீச்சு கீச்சுன்னு யாரோ யாரோடயோ தட்டிக்கிட்டு இருக்காங்க, அடப்பாவிகளா, இங்கதான் இருந்தீங்களா அத்தனை பேரும். காலியா ஓரிடம் பாத்து நிறுத்தினேன். கண்ணைத் தொடச்சேன். யாராவது இருக்கீங்களா, இது நான். விரலை எடுத்தேன், எடுத்து மூச்சைப் புடிச்சேன், புடிக்க முடியாது எனக்கு, ஓட்டை கேக்காது, ஆனாப் புடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஒரு சன்னமான ஊதல். பக்கத்துல யாரோ சீட்டியடிச்ச மாதிரி. டி-டி-டி-டா... என் அழைப்புக்குறி. என்னுது. ஒவ்வொரு எழுத்தா, நடக்கப் பழகுற கொழந்தை சுவத்தைப் புடிச்சிக்கிட்டு வர்ற மாதிரி, முழுசா என் குறி, பெறகு அவன் குறி. வந்துருச்சு. ஜெயக்கொடிக்கு மோர்ஸ் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனா என் தோளைப் புடிச்சிட்டா, இறுக்கி. நான் பாஞ்சேன். வணக்கம், ரொம்ப நன்றி, உங்க சத்தம் நல்லாக் கேக்குது, என் பேரு தாமு, எனக்கு ஊரு போடி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், இப்ப மதுரையில இருந்து பேசுறேன், நண்பர் வீட்டுல, பழைய செட்டு, இன்னைக்குத்தான் வாங்குறேன், வாங்கிட்டேன்னே வச்சுக்கங்க, இங்க வெயிலு, உங்க ஊர்ல மழையா, நீங்க எங்க இருக்கீங்க, என்ன செட்டு, எவ்வளவு நாளா இதுல இருக்கீங்க, ஒரு கூத்து சொல்றேன் கேளுங்க, இப்ப ஒரு பெயிண்ட் டின்னுகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். டின்னு கதை முழுசும் சொன்னேன். தந்தியில எல்லாரும் இங்கிலீஷைச் சுருக்கிச் சுருக்கித்தான் அடிப்பாங்க, நான் ஒரு மண்ணும் சுருக்கல. மூணு வருசத்துச் சரக்கு, மடை ஒடைஞ்சு போயிக்கிட்டே இருக்கு, நடுவுல யாரும் கண்ணாடி தேடல, யாரும் தலையைச் சாய்ச்சுப் பாவமாப் பாக்கல, அவனுக்கு என் கழுத்துத் துணி தெரியாது, அவனுக்கு நான் ஒரு கையி, அவ்வளவுதான். எனக்கே இப்பத்தான் ஒரைச்சது, நான் ஊமைன்னு அவன்கிட்டச் சொல்லவே இல்ல. சொல்ற மாதிரி எதுவும் இல்லையே. முடிச்சு, உங்க முறைன்னு தட்டிட்டு விரலை எடுத்தேன்.

இரைச்சலு. வெறும் இரைச்சலு. போயிட்டானா? ஏன்டா தாமோதரா, வந்தவனை இப்படியா... அப்பத்தான் ஊதல் வந்துச்சு, தயங்கித் தயங்கி, ஒரு எழுத்து தப்பாப் போட்டு அழிச்சு மறுபடி போட்டு. பேரு ஸ்ரீபாத். ஊரு கதக், கர்நாடகாவுல ஹூப்ளிப் பக்கம். மோர்ஸுக்குப் புதுசு. அப்புறம் மன்னிக்கணும், மன்னிக்கணும்னு ரெண்டு தடவை. பெறகு மூணு எழுத்து, க்யூ, ஆர், எஸ், அதையே திரும்பவும். நான் கீ மேல வச்ச கையை அப்படியே வச்சிக்கிட்டு இருந்தேன். நெசமாவா? எனக்கா? தப்பா எடுத்திருப்பேனோன்னு தனசீலனைத் திரும்பிப் பாத்தேன், அவரு வாயெல்லாம் பல்லா நிக்கிறாரு. "என்னங்க சொல்றாரு?"ன்னு ஜெயக்கொடி என் தோளை உலுக்குறா, "நல்லபடியாத்தான் சொல்றாரா?" நான் சிலேட்டைத் தேடல. தனசீலன்தான் சொன்னாரு, கத்தல, முதல் தடவையா சாதாரணமா, எங்க மூணு பேருக்கும் கேக்கிற மாதிரி. "கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்றாரும்மா. அண்ணன் வேகத்துக்கு அவரால ஈடு குடுக்க முடியலையாம், பாதிக்கு மேல ஒண்ணும் புரியலையாம்." ஜெயக்கொடி அவரைப் பாத்தா, என்னைப் பாத்தா, "இவுகளையா?"ன்னா, அப்படியே கட்டில்ல உக்காந்துட்டா. சிரிக்கிறா. முந்தானையை எடுக்கவே இல்ல, வாயைத் தொறந்து, எதிர்வீட்டுக்குக் கேக்கிற மாதிரி, கண்ணுல தண்ணி ஓடுது. எனக்கும் வந்துருச்சு, என் சிரிப்புக்குச் சத்தம் கெடையாது, கழுத்துல இருந்து வெறும் காத்துத்தான் வரும், துணி படபடன்னு அடிக்கும், எப்பவும் கையை வச்சுப் பொத்திக்குவேன், இன்னைக்குப் பொத்தல, கை கீ மேல இருக்கு, அதை எடுக்க மனசில்ல. தம்பி, நீ எவ்வளவு மெதுவா வேணும்னாலும் வா, எனக்கு எங்கயும் போற அவசரம் இல்ல, நான் இங்கதான் இருப்பேன். அதையே அடிக்கலாம்னு ஆரம்பிச்சேன், ஒரு எழுத்து, நிறுத்தி, இன்னொரு எழுத்து, நல்லாத்தான் மெதுவாப் போயிக்கிட்டு இருந்தேன், எப்ப வேகம் ஏறுச்சுன்னு எனக்கே தெரியல, வெயிலுல இருந்து ஏலக்காய்க்குப் போயிட்டேன், ஏலக்காய்ல இருந்து குமுளிக்கு. ஜெயக்கொடி மூக்கை உறிஞ்சிக்கிட்டே பின்னாடி இருந்து என் கையைத் தட்டினா. "பாவம்ங்க அந்தப் புள்ள, அவனையும் கொஞ்சம் பேச விடுங்க."